அறுபத்தோராம் பக்கம்

ஒரு மனிதன் ஒரு கையெழுத்துக்காகச் செலவழிக்கத் தகுந்த நேரம் மொத்தமே இரண்டு நொடிதான். அதற்கு மேல் ஒரு காகிதத்தை உற்றுப் பார்ப்பவன் ஒன்று பயந்தாங்கொள்ளி, இல்லையென்றால் குமாஸ்தா. இது மின்னலின் கண்டுபிடிப்பு. மண்ணையும் தண்ணீரையும் பற்றி முப்பத்து நான்கு கட்டுரை எழுதியிருந்தாலும், உலகம் தன்னை நினைவில் வைத்துக்கொள்ளப் போவது இந்த ஒன்றுக்காகத்தான் என்று அவர் மனதார நம்பினார்.

பல்கலைக்கழகத்தில் மின்னல் என்றால்தான் அவரைத் தெரியும். காகிதம் தூக்கிக்கொண்டு அலையும் ப்யூன்களுக்கு அவர்மேல் தனிப் பிரியம். மற்றப் பேராசிரியர்களிடம் போனால் "வெச்சுட்டுப் போ, பார்க்கறேன்" என்பார்கள். மறுநாள் போனால் மூக்குக் கண்ணாடியைக் காணோம் என்பார்கள். மின்னலிடம் அந்தத் தொல்லையே கிடையாது. நடந்துகொண்டே போடுவார். மாடிப்படியில் போடுவார். கை கழுவும் இடத்தில், ஒரு கையில் சோப்பு நுரையோடு மறு கையால் அவர் போட்ட கையெழுத்து ஒன்று குமிழ் குமிழாக இன்னும் கோப்பில் இருக்கிறது.

அப்பேர்ப்பட்டவரின் மனைவிக்கு அதே பல்கலைக்கழகத்தில் ஸ்கேல் மேடம் என்று பெயர்.

அவள் ஆராய்ச்சி ஒப்பந்தப் பிரிவில் முதல் மேஜை. அரசாங்கத் துறைகள் பணம் கொடுத்துச் செய்யச் சொல்லும் எந்த ஆராய்ச்சியாக இருந்தாலும் அதன் ஒப்பந்தம் அந்தப் பிரிவைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒப்பந்தம் வந்ததும் அவள் ஓரமெல்லாம் தேய்ந்துபோன ஒரு மர ஸ்கேலை எடுத்து முதல் வரிக்குக் கீழே வைப்பாள். படிப்பாள். ஸ்கேலை ஒரு வரி இறக்குவாள். "அடுத்த வரி தெரிஞ்சா கண்ணு அங்க ஓடிப்போயிடும்" என்பது அவள் சொல்லும் காரணம். பக்கம் முடிந்ததும் இடது ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி. புள்ளி இல்லாத பக்கம் ஒன்றுகூட அந்த மேஜையைத் தாண்டியதில்லை.

வீட்டுக்கு யார் சாப்பிட வந்தாலும் மின்னல் இதை நடித்துக் காட்டாமல் விடமாட்டார். மளிகைச் சீட்டை மேஜைமேல் விரித்து, ரொட்டி வெட்டும் கத்தியை அதன்மேல் வைத்து, கண்ணை இடுக்கிக்கொண்டு, "உ... ரு... ளை..." என்று ஆரம்பிப்பார். ஒரு கிழங்குக்கு ஒரு நிமிடம் ஆகும். விருந்தாளிகள் சிரித்துப் புரையேறுவார்கள். அவளும் சிரிப்பாள். சிரித்து முடித்துவிட்டு, "அது ஆறாவது வரி. அஞ்சாவது வரி சோப்பு. நீங்க அதை வாங்கிட்டு வரலை" என்பாள்.

அவர்கள் கல்யாணத்தைப் பதிவு செய்த அன்றைக்கே இது தொடங்கிவிட்டது. படிவம் வந்த வேகத்தில் மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டுவிட்டு மாலையைச் சரிசெய்துகொண்டிருந்தார். மணப்பெண் இருபது நிமிடம் படித்தாள். பிறகு பதிவாளரிடம், "சார், இவர் சாட்சி இடத்துல கையெழுத்து போட்டிருக்கார். மாப்பிள்ளை இடம் காலியா இருக்கு. யாரைப் போடச் சொல்லட்டும்?" என்று கேட்டாள்.

இருவரும் ஒரே இடத்தில் வேலை பார்ப்பதால் ஒரு விதி உண்டு. சொந்தக்காரர் கோப்பைப் பார்க்கக் கூடாது. எனவே மின்னலின் ஒப்பந்தங்கள் இரண்டாவது மேஜைக்குப் போகும். அங்கே இருந்தவருக்கு எல்லாரும் வைத்திருந்த பெயர் சரிசார். எதைச் சொன்னாலும் அவர் வாயில் அந்த ஒரு வார்த்தைதான். ஒருமுறை யாரோ "நீங்க ஒண்ணுமே படிக்கறதில்லையாமே?" என்று கேட்டதற்கும் அதையேதான் சொன்னார். மின்னலுக்கு இந்த ஏற்பாட்டில் பரம திருப்தி. ஒரு மின்னலும் ஒரு சரிசாரும் சேர்ந்தால் ஒப்பந்தம் பறக்காதா என்ன?

அப்படிப் பறந்த ஒப்பந்தங்களில் ஒன்றுதான் கிணற்றுத் தண்ணீர் ஒப்பந்தம்.

ஊரின் கிழக்கு ஓரத்தில், பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் ஒரு கொட்டகைக்குப் பின்னால், இரண்டு நீளத் தெருக்கள். முப்பத்தேழு கிணறு. அந்தத் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல ஒரு அரசுத் துறை பல்கலைக்கழகத்தைக் கேட்டது. மின்னல் தன்னிடம் வேலை பார்க்கும் மூன்று பேரோடு ஒவ்வொரு வீட்டுக்கும் போய், பாட்டிலில் தண்ணீர் பிடித்து, பெயர் ஒட்டி, ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார். ஒவ்வொரு வாசலிலும், "உங்க கிணத்துல என்ன இருக்குன்னு உங்களுக்குத்தாங்க முதல்ல சொல்லுவேன்" என்றார். வெயிலில் நின்று சொன்னார். அதை மட்டும் அவர் இரண்டு நொடியில் சொல்லவில்லை. வீட்டுக்கு வீடு கால் மணி நேரம் உட்கார்ந்து, கொடுத்த டீயைக் குடித்துவிட்டுச் சொன்னார்.

முடிவுகள் வந்து இருபத்து நான்கு நாள் ஆகியிருந்தது. தெருவுக்குச் சொல்லும் நாளை அவர் யோசித்துக்கொண்டிருந்தபோதுதான், ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் துறையிலிருந்து கடிதம் வந்தது. ஒப்பந்தத்தின் பத்தொன்பதாவது விதிப்படி முடிவுகள் அனைத்தும் துறையின் சொத்து. துறை எழுத்தில் அனுமதிக்கும்வரை யாருக்கும், எந்த வடிவிலும் வெளியிடக் கூடாது. மீறினால் திட்டம் நிறுத்தப்படும். ஐந்து வருடத்துக்கு வேறு திட்டமும் கிடையாது. கீழே ஒரு வரி: "தாங்கள் கையொப்பமிட்டு ஒத்துக்கொண்டபடி."

மின்னல் அந்தக் கடைசி வரியை நான்கு முறை படித்தார். ஒரே வரியை அவர் நான்கு முறை படித்தது அதுதான் முதல் தடவை.

சாயங்காலம் கடிதத்தையும் அறுபத்தெட்டுப் பக்க ஒப்பந்தத்தையும் சாப்பாட்டு மேஜைமேல் பொத்தென்று வைத்தார். மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். மேலே கிடந்த தாளின் தலைப்பு கண்ணில் பட்டதும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, பழைய பேப்பர் ஒன்றை எடுத்து ஒப்பந்தத்தின்மேல் போட்டு மூடினாள்.

"என்ன பண்றே?"

"உங்க ஃபைல். நான் பார்க்கக் கூடாது."

"இது வீடும்மா. ஆபீஸ் இல்ல."

"விதியில ஆபீஸ்ல பார்க்கக் கூடாதுன்னு போடலை. பார்க்கக் கூடாதுன்னுதான் போட்டிருக்கு."

"என் மானம் போகுது, நீ விதி பேசறே. பத்தொன்பதாவது விதி என்ன சொல்லுதுன்னு தெரியுமா?"

"தெரியாது. சொல்லவும் சொல்லாதீங்க."

"சொல்லக்கூடவா கூடாது?"

"காதால பார்க்கறதும் பார்க்கறதுதான்" என்று சொல்லிவிட்டு அவள் வெங்காயத்துக்குத் திரும்பினாள். அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. அது வெங்காயத்தாலா, சிரிப்பை அடக்கியதாலா என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

மகள் சோபாவில் காலை நீட்டிக் கல்லூரிப் பாடம் படித்துக்கொண்டிருந்தாள். புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே, "அப்பா, கையெழுத்து போடறப்போ அந்த விதி அங்கதானே இருந்துச்சு?" என்றாள்.

"இருந்திருக்கும்."

"எங்க வெச்சு போட்டீங்க?"

"கார் பானெட்டுமேல" என்றார் மின்னல். அவருக்கே அந்தப் பதில் பிடிக்கவில்லை.

மறுநாள் காலை தையல்காரம்மா வந்தாள். முப்பத்தேழு கிணற்றில் ஒன்று அவளுடையது. மகளின் உடுப்பைத் தைத்து எடுத்து வந்தவள், துணியைக் கொடுத்துவிட்டு வாசலிலேயே நின்றாள்.

"சார், என் தண்ணி என்னாச்சு?"

"வந்துக்கிட்டிருக்கும்மா. மேல ஒரு அனுமதி வரணும்."

"மேலன்னா?"

"துறை."

"துறையா என் வீட்டுக்கு வந்து தண்ணி மொண்டுச்சு? நீங்க வந்தீங்க. நான் மொண்டேன். என் கிணறு, என் கயிறு, பாட்டில் மட்டுந்தான் உங்களது. வேணும்னா பாட்டிலுக்கு அனுமதி வாங்குங்க. தண்ணியை எனக்குச் சொல்லுங்க."

"கொஞ்சம் பொறுமையா..."

"நான் பொறுத்துக்குவேன் சார். என் மருமக மாசமா இருக்கா, தாய் இல்லாத பொண்ணு. புதன்கிழமை பிரசவத்துக்கு அழைச்சுட்டு வர்றேன். அவளுக்கு அந்தத் தண்ணியிலதான் சமைக்கணும். கொதிக்க வெச்சுக் கொடுத்தா சரியாப் போயிடுமா? அதை மட்டுமாவது சொல்லுங்க."

மின்னலுக்குப் பதில் தெரியும். ஈயம் கொதித்தால் போகாது. தண்ணீர் ஆவியாகிப் போக, மிச்சத்தில் ஈயம் இன்னும் கூடத்தான் செய்யும். அவள் கிணற்றின் ஈய அளவு அவருக்கு மனப்பாடம். முப்பத்தேழில் இரண்டாவது மோசம். அவர் வாயைத் திறந்தார். ஆய்வுக்கூடத்தில் இந்தத் திட்டத்தை நம்பி வேலை பார்க்கும் மூன்று பேரின் முகம் வந்து நின்றது. வாயை மூடினார்.

தையல்காரம்மா அவரையே பார்த்தாள். "போன வாட்டி டீ குடிச்சப்போ நல்லா பேசினீங்க சார்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

அவள் தெருமுனை திரும்பும்வரை மின்னல் வாசலில் நின்றார். உள்ளே வந்து மேஜைமேல் இருந்த பழைய பேப்பரை எடுத்தார்.

மனைவி துணி மடித்துக்கொண்டே, யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னாள்: "என் ஸ்கேல் மேல் டிராயர்ல இருக்கு. அது ஆபீஸ் சாமான் இல்ல. யாருக்கு வேணும்னாலும் கொடுக்கலாம்."

"எனக்கு எதுக்கு ஸ்கேல்? எனக்கென்ன கண்ணு தெரியாதா?"

கண் தெரிந்தது. அதுதான் சிக்கல். மூன்றாவது வரியில் இருக்கும்போதே கண் ஒன்பதாவது வரிக்குக் குதித்தது. 'மேற்படி' என்று வந்தால் எந்த மேற்படி என்று தேடி மேலே போனது. போன இடத்தில் வேறொரு மேற்படி உட்கார்ந்திருந்தது. இரண்டாம் பக்கத்தை மூன்று தடவை படித்து, மூன்று தடவையும் வெவ்வேறு விஷயம் புரிந்துகொண்டார். உள்ளங்கையை வைத்து மறைத்துப் பார்த்தார். விரலிடுக்கில் வரி தெரிந்தது. அரை மணி நேரம் கழித்து எழுந்து சமையலறைக்குப் போய், அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, எதையோ எடுத்துவந்தார்.

மகள் தண்ணீர் குடிக்க வந்தாள். "என்னப்பா, ரொட்டி வெட்டப் போறீங்களா?"

"ஆமா."

"ஒப்பந்தத்துமேலயா?"

"போய்ப் படி" என்றார் மின்னல், கத்தியை ஒரு வரி இறக்கியபடி.

சனிக்கிழமை முழுக்கப் படித்தார். சாப்பாடு மேஜையின் இன்னொரு மூலையில் நடந்தது. வெளியே மழை பிடித்துக்கொண்டது. கொடியில் கிடந்த துணியை எடுக்கச் சொன்னபோது "இருபத்து ரெண்டு" என்று பதில் சொன்னார். அது அவர் இருந்த பக்கம். ஞாயிற்றுக்கிழமையும் மழை விடவில்லை. பத்தொன்பதாவது விதி கடிதத்தில் சொன்னபடியே இருந்தது, ஒரு ஓட்டை இல்லை. கீழே தன் கையெழுத்தும் இருந்தது, வேகமாக, வாலைத் தூக்கிக்கொண்டு. அதைப் பார்த்தபோது அவருக்கு, யாரோ ஒரு தறுதலைப் பையன் தன் பெயரைச் சுவரில் கிறுக்கிவிட்டு ஓடியதுபோல் இருந்தது. நிறுத்திவிடலாம் என்று தோன்றியது. ஆனால் கத்தி வரியில் இருந்தது. இறக்காமல் விட மனம் வரவில்லை.

மூன்று மணிக்கு அறுபத்தோராம் பக்கம் வந்தது. நான்காவது இணைப்பு. தண்ணீர் கொடுத்த வீட்டுக்காரர்களிடம் கையெழுத்து வாங்கிய ஒப்புதல் படிவம். "உங்கள் கிணற்றின் முடிவை, அது கிடைத்த முப்பது நாளுக்குள் உங்களிடம் எழுத்தில் தருவோம்." அதற்கு மேலே, அந்த இணைப்புக்கு முன்னுரையாக ஒரே வரி: "விதிகளுக்கும் நான்காவது இணைப்புக்கும் முரண்பாடு ஏற்பட்டால் நான்காவது இணைப்பே செல்லும்."

கத்தியை எடுத்துவிட்டுப் படித்தார். வைத்துப் படித்தார். எப்படிப் படித்தாலும் அதேதான் இருந்தது. முப்பது நாளில் இருபத்தாறு போயிருந்தது.

சமையலறை வாசலில் போய் நின்றார். "உன்னை ஒண்ணு கேக்கணும். இந்த ஃபைல் பத்தி இல்ல. பொதுவா."

"பொதுவான்னா கேளுங்க."

"வீடு வீடாப் போற திட்டத்துக்கெல்லாம் ஒப்புதல் படிவத்தை ஒப்பந்தத்தோட சேர்த்துத் தைக்கணும், விதியோட மோதினா அதுதான் ஜெயிக்கணும்னு யாரு போட்டது?"

"ஆறு வருஷம் முன்னாடி போட்டது."

"யாரு?"

"பிரிவு ஆண்டு விழாவுல நீங்ககூட மைக் பிடிச்சு அதை நக்கல் பண்ணீங்களே. 'படிவத்துக்குப் பட்டாபிஷேகம்'னு. எல்லாரும் கை தட்டினாங்க."

"நீயா?"

"உருளைக்கிழங்கைத் தோல் சீவிக் கொடுங்க" என்றாள் அவள்.

திங்கட்கிழமை காலை முதலில் ஆய்வுக்கூடத்துக்குப் போய் மூன்று பேரிடமும் விஷயத்தைச் சொன்னார். வேலை போனாலும் போகும் என்பதையும் சொன்னார். மூவரில் மூத்தவள், "தெருவுல எங்க முகமும்தான் சார் தெரியும். சொல்லிட்டே போவோம்" என்றாள். மற்ற இருவரும் உறைகளை எடுத்து வைக்க ஆரம்பித்தார்கள்.

பல்கலைக்கழக ஆராய்ச்சி இயக்குநரின் அறையில் ஏசி ஓடியது. அவருக்குத் துறையிலிருந்து ஏற்கெனவே போன் வந்திருந்தது. ஸ்கேல் மேடத்தையும் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தார்.

"மேடம், உங்க வீட்டுக்காரருக்கு நீங்க எடுத்துச் சொல்லக் கூடாதா?"

"எது சார்?"

"இந்தக் கிணத்து ஒப்பந்தம்."

"அது என் மேஜைக்கு வராத ஃபைல் சார்."

"ஃபைலைப் பத்தி இல்ல. மனைவியா கேக்கறேன்."

"மனைவியா இருக்கறதாலதான் சார் வராத ஃபைல்."

இயக்குநர் மின்னல் பக்கம் திரும்பினார். "ஏன் சார், உங்களால எனக்கு ஒருநாளும் தலைவலி வந்ததில்ல. நீட்டின இடத்துல போடுவீங்க. இப்ப என்ன வந்துச்சு?"

"படிச்சேன்."

"எதை?"

"அறுபத்தெட்டுப் பக்கத்தையும்." மின்னல் ஒப்பந்தத்தைத் திருப்பி மேஜைமேல் வைத்தார். "அறுபத்தோராம் பக்கம். நாலாவது இணைப்பு. நான் முடிவைக் கொடுத்தா மீறல் இல்ல. வியாழக்கிழமைக்குள்ள கொடுக்கலைன்னாதான் மீறல். அப்போ ஒப்பந்தத்தை உடைச்சது பல்கலைக்கழகம்னு ஆகும். நீங்களும் கையெழுத்து போட்டிருக்கீங்க."

இயக்குநர் படித்தார். அவருக்கும் ஸ்கேல் தேவைப்பட்டிருக்கும். விரலை வைத்துச் சமாளித்தார். "இத்தனை நாள் இது எங்கய்யா இருந்துச்சு?"

"அறுபத்தோராம் பக்கத்துல."

அறையில் ஒரு மூலையில் நின்ற சரிசார், யாரும் கேட்காமலே, "சரி சார்" என்றார்.

"சட்டமாப் பார்த்தா நீங்க சொல்றது சரியா இருக்கலாம்" என்றார் இயக்குநர், குரலை இறக்கி. "ஆனா துறைக்குக் கோபம் வரும். ஒரு மாச நோட்டீஸ் கொடுத்துத் திட்டத்தை நிறுத்த அவங்களுக்கு உரிமை இருக்கு."

"இருக்கு. முப்பத்து மூணாம் பக்கம். நிறுத்தட்டும்."

"அடுத்த திட்டம் கேட்டு எந்த மூஞ்சியோட போவீங்க?"

"இதே மூஞ்சிதான் சார். வேற இல்ல. அந்தத் தெருவுக்கும் இதைத்தான் காட்டணும்."

வெளியே வராந்தாவில் மனைவி அவரைத் தாண்டி நடந்தாள். நின்று, அவர் சட்டைப் பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த பென்சிலைப் பார்த்தாள். மறுபடி நடந்தாள். அவள் நடையில் ஒரு துள்ளல் இருந்தது. கல்யாணப் பதிவு அன்றைக்குக்கூட அவர் அதைப் பார்த்ததில்லை.

அன்று சாயங்காலமும் மறுநாளும் நான்கு பேரும் முப்பத்தேழு உறையைக் கொடுத்தார்கள். மழை நின்ற தெருவில் சேறு காலை இழுத்தது. கொட்டகையிலிருந்து காரமான புகை வந்தது. கொட்டகைக்காரன் வெளியே வந்து, "என்ன சார், அனுமதி இருக்கா?" என்றான். "உன் கொட்டகைக்கு இருக்கா?" என்றார் மின்னல். அவன் உள்ளே போய்விட்டான்.

தையல்காரம்மா மிஷினில் இருந்து எழாமலே உறையை வாங்கினாள். பிரித்தாள். "எழுத்தெல்லாம் தெரியுது. நீங்க வாயால சொல்லுங்க."

"குடிக்கக் கூடாது. சமைக்கக் கூடாது. கொதிக்க வெச்சா கூடும், குறையாது. துணி துவைக்கலாம், வீடு கழுவலாம். மருமகளுக்கு இந்தத் தண்ணி ஒரு வாய்கூட வேண்டாம். பெரிய ரோட்டுக் குழாய்ல பிடிங்க. அதையும் பார்த்துட்டேன், சுத்தமா இருக்கு."

அவள் மிஷின் சக்கரத்தின்மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். "நாங்க எவ்வளவு நாளா குடிக்கறோம்?" என்று கேட்டாள். அவரைக் கேட்டதாகத் தெரியவில்லை. பிறகு எழுந்து, உறையிலிருந்த தாளை நான்காக மடித்து ரவிக்கைக்குள் செருகினாள்.

"இதை நகராட்சியில காட்டலாமா சார்? ஏதாவது விதி தடுக்குதா?"

"படிச்சுட்டேன். தடுக்கலை."

"தடுத்தாலும் காட்டியிருப்பேன்" என்றாள் அவள். "முப்பத்தேழு வீட்டுத் தாளையும் சேர்த்துத் தைச்சுக் கொண்டு போறேன். தைக்கறதுதானே என் வேலை. உட்காருங்க சார், டீ போடறேன். குழாய்த் தண்ணிதான்."

மூன்றாவது வாரம், ஒரு காலை வேளை, பல்கலைக்கழகத்து ப்யூன் வீட்டு வாசலில் மணியடித்தான். கையில் துறையின் கடிதம். பெறுவோர் பதிவேட்டையும் கடிதத்தின் நகலையும் பேனாவையும் சேர்த்து நீட்டினான். மற்ற வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு வருவான். மின்னல் வீட்டு வாசலில் மட்டும் எஞ்சினை அணைக்காமல் விட்டுவிட்டு வருவது அவன் வழக்கம்.

"நகல்ல ஒரு கையெழுத்து சார். அவ்வளவுதான்."

மின்னல் கடிதத்தை வாங்கினார். திட்டம் நிறுத்தப்படுகிறது என்று முதல் வரியிலேயே தெரிந்தது. கண் குதிக்கப் பார்த்தது. "இரு" என்று சொல்லி உள்ளே போனார். மேல் டிராயர் இழுபடும் சத்தம் கேட்டது.

வாசல் திண்டில் உட்கார்ந்து, நகலை முழங்காலில் விரித்து, தேய்ந்த அந்த மர ஸ்கேலை முதல் வரிக்குக் கீழே வைத்தார்.

ப்யூன் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறினான். பிறகு போய் எஞ்சினை அணைத்துவிட்டு வந்தான்.

ஏழாவது வரியில் ஸ்கேல் நின்றது. "ஆராய்ச்சியாளரின் முழுச் சம்மதத்துடன்" என்று இருந்தது. மின்னல் ஸ்கேலை அரை வரி மேலே ஏற்றி, பேனாவால் அந்தச் சொற்களின்மேல் நேராக ஒரு கோடு இழுத்தார். பக்கத்தில் சுருக்கக் கையெழுத்துப் போட்டார். எட்டாவது வரிக்கு இறக்கினார்.

உள்ளே மனைவி அடுப்பைக் குறைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். ப்யூனுக்கும் ஒரு டம்ளர் டீ எடுத்து வைத்தாள். இன்னும் ஒன்றரைப் பக்கம் இருந்தது.

மின்னல் முதல் பக்கத்தை முடித்தார். சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, இடது ஓரத்தில், மெதுவாக ஒரு புள்ளி வைத்தார்.